பேத்தையும் நாலு பெற்றரியும்

கரவலை இழுத்து முடிந்ததும் மணலில் ஒதுக்கி வீசப்படும் மீன்களில் பேத்தைக்குத்தான் சிறுவர்களான எங்களிடம் மவுசு. அதை யாரும் கறிக்கு எடுக்கமாட்டார்கள், நஞ்சு. ஆனால் விரலால் மெல்லச் சீண்டினால் போதும், வயிறு ஊதி ஊதி ஒரு பந்தாகிவிடும். 1995இல் சாச்சி சவூதியிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டியின் திரையிலும் உருண்டையாக ஒன்று நடந்து வந்தது. காற்றை இழுத்தது, கன்னம் வீங்கிற்று, அப்படியே மேலே மிதந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ராத்தா ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டா.

"நம்மட பேத்தை."

அதன் உண்மைப் பெயர் கேர்பி என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். எங்கள் ஒழுங்கையில் அது கடைசி வரை பேத்தைதான்.

எங்கள் ஊர் பெரியநீலாவணை, கல்முனைக்கு வடக்கே இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்குகிற இடம். கிழக்கே கடல், மேற்கே வாவி, தெற்கே மருதமுனை. மருதமுனையின் தறிச்சத்தம் எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் பரவியிருந்த காலம் அது. எங்கள் வீட்டு விறாந்தையின் உட்புறம் ஒரு தறி இருந்தது. முதலில் அதில் உம்மா இருந்தா. உம்மாவுக்கு இடுப்பு வலி வந்த பிறகு ராத்தா. அப்போது அவவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு.

சாச்சி இரண்டு வருடம் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துவிட்டு வந்திருந்தா. வெளிநாட்டுப் பெட்டி பிரிப்பது எங்கள் ஊரில் ஒரு சின்னப் பெருநாள். பால்மா டின்கள், புலிப்படம் போட்ட தடித்த போர்வை, சவர்க்காரம், தலைவலித் தைலம், ஆளுக்கொரு சேட்டுத் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துவாயில் சுற்றி அந்தப் பெட்டி கிடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் புதிது வாங்கியதும் தூக்கிப் போட்டதாம். மூலைகள் தேய்ந்திருந்தன, பின்மூடி இல்லை. முதுகில் செருகியிருந்த ஒரேயொரு கேம்தான் அதனுடைய உலகம் முழுவதும்.

அது நின்டெண்டோவின் கேம்போய். குன்பெய் யொகோய் என்பவரின் குழு உருவாக்கி, 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பொருள். நிறமில்லாத திரை. பாசி படிந்த கிணற்றுத் தண்ணீரைப் போன்ற பச்சையில் நான்கே சாயல்கள். திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். இதெல்லாம் தெரிந்தே செய்தது. மலிவான, நன்றாகப் பழகிய பாகங்களை வைத்துப் புதிதாக யோசிக்க வேண்டும் என்பது யொகோயின் கொள்கை. போட்டிக்கு நிறத்திரையோடு வந்த சேகாவின் கேம் கியர் ஆறு பெற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தின்று தீர்த்தது. கேம்போய்க்கு நாலு பென்டோர்ச் பெற்றரி போதும், நல்ல பெற்றரியென்றால் பதினைந்து மணித்தியாலம் வரும் என்பது கணக்கு.

நல்ல பெற்றரியென்றால்.

எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் கிடைத்தவை அந்தக் கணக்கில் சேராதவை. அதிலும் நான்கையும் ஒன்றாக வாங்கக் காசு சேராது. ஒன்று புதிது, ஒன்று றேடியோவில் களைத்தது, இரண்டு காலையில் மணலில் காயவைத்து எடுத்தவை. வெயிலில் சூடேறிய செத்த பெற்றரி கால் மணித்தியாலமாவது உயிர் பிடிக்கும். பெட்டியின் இடது ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு சிவப்பு விளக்கு. பெற்றரி இறங்க இறங்க அது மங்கும். நாங்கள் திரையைப் பார்த்ததைவிட அந்த விளக்கைப் பார்த்ததுதான் அதிகம்.

விளையாட்டின் கதை சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். டெடெடே என்ற தடித்த ராசா ஒருவன் ஊரின் சாப்பாட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு மலையேறிவிட்டான். பேத்தை போய் மீட்டு வரவேண்டும். எதிரே வருவதை வாயால் இழுக்கலாம், விழுங்கலாம், நட்சத்திரமாகத் துப்பலாம், காற்றை நிரப்பிப் பறக்கலாம். தக்காளி கிடைத்தால் உயிர் முழுதும் திரும்பும். உறைப்புக் கறி கிடைத்தால் வாயால் நெருப்பு வரும். கறி தின்றவன் வாயில் நெருப்பு என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் கடலும் தென்னையும் வரும். தென்னைக்குக் கீழே நின்றால் தலையில் தேங்காய் விழும். இந்தக் கேமைச் செய்தவன் எங்கள் கரைக்கு ஒருமுறையாவது வந்திருக்கவேண்டும் என்று நாங்கள் நம்பினோம்.

செய்தவர் மசஹிரோ சகுராய். 1992 ஏப்ரல் 27இல் ஜப்பானில் அது வெளியானபோது அவருக்கு 21 வயது. புதிதாகக் கையில் எடுப்பவரும் தோற்று ஒதுங்காமல் முடித்துப் பார்க்கிற ஒரு விளையாட்டு வேண்டுமென்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. அதனால் மொத்தமே ஐந்து கட்டங்கள். பழகியவர்கள் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். அவ்வளவு சின்ன விளையாட்டு என்பதால், விட்ட இடத்தைச் சேமித்துவைக்க அதில் வழி வைக்கவில்லை. பெட்டியை நிறுத்தினால் மறுபடி முதல் மரத்தடியிலிருந்துதான் நடக்கவேண்டும்.

உலகத்திலேயே லேசான விளையாட்டுகளில் ஒன்று என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் விறாந்தையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தோம். ஓர் உயிர் போனால் அடுத்தவன் கைக்கு மாற்றவேண்டும். கரவலைக்குப் போகிறவரின் மகன், கோயிலடிப் பக்கத்துப் பையன் ஒருவன், என் வகுப்பு மாணவர் இரண்டு பேர் என்று எல்லோரும் பெற்றரிக்கு ஐம்பது சதம், ஒரு ரூபாய் போட்டவர்கள். பங்குதாரர்களுக்கு முறை கொடுக்காமல் விடமுடியாது. முதல் மரத்தையும் இரண்டாம் கோட்டையையும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடப்போம். நாலாம் கட்டத்தில் ஒற்றைக்கண் முகில் வரும்போதே சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியிருக்கும். ஐந்தாம் கட்டத்துக்குப் போன இரண்டு தடவையும் திரை வெளிறிப் போயிற்று. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது.

பெற்றரி போட்டவர்களின் பட்டியலில் ராத்தா இல்லை. குமர்ப்பிள்ளை விறாந்தையில் பையன்மாரோடு குந்தமாட்டா. தறியில் இருந்தபடியே கதவிடுக்கால் பார்ப்பா. கால் மிதியில், கை நாடாவில், கண் எங்கள் திரையில். சில நேரம் தறி நின்றுவிடும். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"தேங்கா விழப்போகுது, பின்னால எடு."

இரவில் சோறு போடும்போது கேட்பா. "அந்த ஒத்தக்கண் முகிலுக்கு எந்தப் பக்கம் நிண்டு துப்பணும்?"

நான் பெரிய மனிதத் தோரணையில் விளக்கம் சொல்வேன். பொழுதுபோகாமல் கேட்கிறா என்றுதான் நினைத்தேன்.

பெற்றரிக்கு ஒரு நிரந்தர வழியை மருதமுனையில் றேடியோ திருத்துகிற ஒருவர் காட்டினார். சின்னப் பெற்றரியும் ஒன்றரை வோல்ட்தான், டோர்ச்சுக்குப் போடுகிற பெரிய பெற்றரியும் ஒன்றரை வோல்ட்தான், பெரியது பல மடங்கு நாளைக்கு வரும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுக்குள் நாலு பெரிய பெற்றரிகளை வரிசையாக அடுக்கி, இரு முனையிலிருந்தும் வயர் இழுத்து, கேம்போயின் பெற்றரிக் குழிக்குள் இருந்த தகடுகளில் கொளுவிக் காட்டினார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. இவ்வளவு காலமும் அது எரிந்ததே இல்லை, முனகியிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

குழாய், உள்ளே பெற்றரி, இரண்டு முனையிலும் வயர். இதைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு பிரதான வீதியில் வந்தால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த வருடம் அது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குக் கொண்டுபோகத் தடுக்கப்பட்டிருந்த சாமான்களில் பெற்றரியும் ஒன்று. நாலு பெற்றரி ஒன்றாகக் கேட்டால் கடைக்காரரே ஒருமுறை முகத்தைப் பார்ப்பார்.

சாவடியில் நின்ற ராணுவ வீரர் கூடையைப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போனார். கையை உயர்த்தச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சிங்களத்தில் கேட்டது எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பொதுச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"கேம் சேர். கேம்."

சைக்கிளைத் தரையில் படுக்கவைத்து, நானே வயரைக் கொளுவிக் காட்டும்படி சைகை செய்தார்கள். கை நடுங்கியதில் தகடு பிடிக்கவேயில்லை. மூன்றாம் முறை பிடித்தது. விளக்கு எரிந்தது, பாட்டு வந்தது, பேத்தை நடந்தது. கிட்ட வந்த ராணுவ வீரருக்கு இருபது வயது இருக்கும். நான் ஒரு பூச்சியை விழுங்கிக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டார். முதல் மரம், ஆப்பிள் விழுகிற இடம், செத்தார். மறுபடி. செத்தார். மற்றவர்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பயம் எப்போதோ போய்விட்டது. புதுப் பெற்றரி தீர்ந்துபோகிறதே என்ற ஒரே கவலைதான் என்னைத் தின்றது. கடைசியில் கொடுத்துவிட்டு, உடைந்த தமிழில் சொன்னார். "தம்பி, இப்பிடிக் கொண்டு வரவேணாம். வேற வேற." வயரைக் கழற்றி ஒரு பொக்கற்றில் போட்டேன், பெற்றரியைக் கூடையில் போட்டேன். வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா முதலில் எனக்கு ஓர் அடி போட்டா, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டா.

அடுத்த நாள் நான் ஐந்தாம் கட்டத்துக்குப் போனேன். முன்னே கொன்ற நாலு பேரும் திரும்ப எழுந்து வந்தார்கள். நாலு பேரையும் கடந்தேன். ராசா சுத்தியலோடு குத்துச்சண்டை மேடையில் நின்றான். ஒழுங்கையே என் முதுகில் சாய்ந்து நின்றது. அவனுடைய உயிரில் பாதியைக் குறைத்திருப்பேன். யாரோ ஒருவனுடைய முழங்கால் குழாயில் பட்டது. வயர் வழுகியது. திரை வெறும் பச்சை.

யாருடைய முழங்கால் என்ற சண்டை மஃரிபு வரை நடந்தது. மறுநாள் பிறை கண்டது.

"நோன்பு மாசத்துல இந்தக் கூத்து வேணாம்" என்று உம்மா பெட்டியையும் குழாயையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. 1996இன் தொடக்கத்தில் வந்த நோன்பு அது. எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு நோன்பு மாதம் லீவு. முப்பது நாள் லீவு, பெற்றரி நிரம்பிய கேம், இடையில் ஒரு பூட்டு. அந்த வருடம் நான் பிடித்த நோன்புகளில் பசி ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

நெசவு வீடுகளுக்கு நோன்பு மாதம்தான் வேலை மாதம். பெருநாளுக்கு எல்லோருக்கும் புதுச் சாரன் வேண்டும். தறாவீஹ் தொழுகை முடிந்து நான் படுக்கப் போகும்போது ராத்தா தறியில் இருப்பா. சஹருக்கு எழுப்பும்போதும் அவதான் எழுப்புவா. இடையில் தூங்கினாவா இல்லையா என்று நான் கேட்டதில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும், வட்டிலப்பத்தைக்கூடத் தொடாமல் அலுமாரிக்கு முன் நின்றேன். உம்மா திறந்தா. குழாயை எடுத்தேன். வயர் தகட்டோடு சேருமிடம் சிவப்பு நூலால் இறுக்கி, பிசிறில்லாமல் கட்டப்பட்டிருந்தது. அறுந்த இழையை முடிகிற தறிக்காரர்களின் முடிச்சு. என்மேல் இரக்கப்பட்டு ராத்தா பெருநாள் பரிசாகக் கட்டிவைத்திருக்கிறா என்று நினைத்து மனம் குளிர்ந்தது. பொத்தானைத் தள்ளினேன். விளக்கு முனகியது. இரண்டாம் கோட்டை வரை போகவில்லை.

முப்பது நாள் சும்மா கிடந்த பெற்றரி எப்படிச் சாகும்? பதில் எனக்கு உடனே தெரிந்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார். பெருநாள் சட்டையோடு கடைக்குப் போய் நாலு பேர் கேட்கச் சண்டை பிடித்தேன். அந்த மனிதர் சத்தியம் செய்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு புதுப் பெற்றரியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பெருநாளும் அதுவுமா அழாத மகன். என்ட பெற்றரி பழசில்ல. ஆனா இத நீ கொண்டு போ."

ஒன்று புதிது, மூன்று செத்தது. எங்கேயும் போய்ச் சேரவில்லை. பிறகு கடற்காற்று தன் வேலையைத் தொடங்கியது. தகடுகளில் பச்சைக் கறள் ஏறியது. திரையில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு நெடுக்காக விழுந்தது, பிறகு நாலு, பிறகு பத்து. ராசா வரும் பக்கம் முழுவதும் கோடுகளுக்குள் மறைந்துபோனது. அந்த வருடக் கடைசியில் ராத்தாவுக்குக் கல்யாணம். எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை வந்து சேர்வார், ஆண்பிள்ளைகள் பிறகு வேறு வீட்டுக்குப் போவார்கள். ஆக நான் முதலாளியாகக் குந்தியிருந்த விறாந்தையே ராத்தாவுடையதுதான்.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் அந்த விறாந்தை போயிற்று. இலங்கையில் அதிகம் பேரை இழந்தது எங்கள் மாவட்டம்தான், 10,000க்கு மேல். எங்கள் வீட்டில் எல்லோரும் ஓடித் தப்பினோம். வரிசையில் நின்று முறை கேட்டவர்களில் இரண்டு பேர் தப்பவில்லை. அந்தப் பெட்டி எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

இது நடந்து பத்தொன்பது வருடம் கழித்து, 2023இல், ராத்தாவின் மகள் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தா. ராத்தா இப்போது கடலிலிருந்து தள்ளி இருக்கிறா. ஏழு வயதுப் பேரனின் கையில் ஒரு ஸ்விட்ச். அந்த வருடம் பெப்ரவரியிலிருந்து பழைய கேம்போய் விளையாட்டுகளையும் அதில் விளையாட நின்டெண்டோ வழி செய்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அதே பச்சை, அதே முதல் மரம்.

"இது ரோஸ் கலர் மாமா" என்று பையன் கற்றுத்தந்தான். அவன் சொன்னது சரி. சகுராய் மனதில் வைத்திருந்தது ரோஸ். மஞ்சள் என்று நினைத்திருந்தார் நின்டெண்டோவின் மியாமோட்டோ. அமெரிக்காவில் விற்ற பெட்டியில் வெள்ளையாக அச்சிட்டார்கள். நிறமில்லாத திரை என்பதால் எல்லோருக்கும் இடமிருந்தது. எங்களுக்கும் ஒரு பேத்தை நிறம் இருந்தது.

அவன் இடையில் நிறுத்தினான், தண்ணீர் குடித்தான், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான். வயர் இல்லை, வரிசை இல்லை. முக்கால் மணித்தியாலத்தில் ராசாவின் மேடையில் நின்றான். விளையாட்டின் கதையை, செய்தவரின் கதையை எல்லாம் நான் தேடிப் படித்திருந்தேன். முடிவுக் காட்சியை மட்டும் பார்க்காமல் வைத்திருந்தேன். எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. குசினி வாசலில் ராத்தா, கையில் ஈரத் துணியோடு.

"இனிப் பாரு மனே. ஊதி ஊதிக் கோட்டையையே தூக்கிருவான். சாப்பாடெல்லாம் ஊருக்குள்ள கொட்டும்."

ராசா விழுந்தான். பேத்தை ஊதியது. திரையை மீறி ஊதியது. கோட்டை மண்ணோடு கிளம்பி மேலே போனது. சாப்பாடு கொட்டியது.

நான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவ பேரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

"மறுகா இன்னொண்டு வரும். அது கஷ்டம். முதல்ல வந்த அதே ஆக்கள்தான், ஆனா வெறி புடிச்ச மாதிரி வருவானுகள்."

"ராத்தா…"

"என்ன ராத்தா? நோன்புக்கு இரா முழுக்கத் தறியில கிடந்தா கால் மரத்துப்போகும். சஹருக்குச் சோறு வைக்கிற வரைக்கும் என்ன செய்ற? சத்தத்தக் குறைச்சி வெச்சிட்டு விளையாடினன். குப்பி லாம்பு வெளிச்சம். வயர் வழுகுது எண்டு நூலால கட்டினன்." கொஞ்சம் யோசித்தா. "இருபத்தேழாம் இரா மட்டும் தொடல்ல."

"அலுமாரி பூட்டியெல்லுவா கிடந்திச்சி?"

"சாவி உம்மா தந்தது" என்றா ராத்தா. "நீ எழும்புறியா எண்டு வாசல்ல குந்திப் பாத்துக்கிட்டு இருந்ததும் உம்மாதான்."

உம்மா மௌத்தாகிப் பத்து வருடமாகிறது. கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெருநாள் காலையில் அலுமாரியைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குப் போனது மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது.

"அந்தக் கடைக்காரரோட நான் சண்டை புடிச்சேனே" என்றேன்.

"ஓம். பாவம் அந்த மனிசன்" என்றா, ஈரத் துணியை உதறிக்கொண்டே.

அவர் இப்போது இல்லை. கடை இடம் மாறி, கண்ணாடிக் கதவு போட்டு, மகன் நடத்துகிறார். அடுத்த நாள் போய் ஒரு பெரிய பெற்றரி கேட்டேன். இப்போதெல்லாம் யார் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அடித்தட்டில் தேடி எடுத்துத் தூசி தட்டித் தந்தார். காசை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"காக்கா, ரெண்டு பெற்றரிக்குக் காசு வெச்சிட்டுப் போறீங்க."

"மற்றது உங்கட வாப்பாட கணக்கு" என்றேன்.